முத்துச் சலாபமும் கணிப்பு முறைகளும்: மன்னார்க் கடலிற் செயற்பாட்டு ஆய்வு

செயற்பாட்டு ஆய்வு என்னும் துறையைப் பயிலும் எமது மாணவர், அதன் வரலாற்றை இரண்டாம் உலகப் போரின் நீர்மூழ்கி வேட்டையிலே தொடங்கி, 1947இல் டான்ற்சிக் வகுத்த நேர்கோட்டு நிரலாக்க முறைக்கூடாக, மேலைநாட்டுத் தொழிற்சாலைகளின் பண்டசாலைகளில் முடிப்பதையே வழக்கமாகக் கேட்டு வருகின்றனர். அவ்வரலாறு தவறன்று. ஆயின் பாடநூல்களில் வரும் கார்த் தொழிற்சாலையையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையும் கண்டறியாத ஒருவர்க்கு இம்முறைகள் வெறும் குறியீடுகளாகவே எஞ்சிவிடுகின்றன. மன்னார் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி எனச் செல்லும் கரையை எடுத்துக்கொள்வோமாயின், செயற்பாட்டு முகாமைத்துவத்தின் முதன்மையான வினாக்கள் யாவும் அக்கரையில் நடைபெற்ற முத்துக்குளிப்பில் எழுந்திருப்பதையும், அவற்றுட் சிலவற்றுக்கு வியக்கத்தக்க விடைகள் காணப்பட்டிருப்பதையும், ஒன்றுக்கு மட்டும் பெரும் பிழையான விடை எழுதப்பட்டதையும் காணலாம்.

முதலில் தொழிலின் அமைப்பை நோக்குவோம். கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஆழங்குறைந்த கடலடியில், மணலிடையே பரந்து கிடக்கும் கற்பாங்கான திட்டுகளே பார்கள். செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் என்பன அவற்றுட் பெயர்பெற்றவை. சிப்பி இப்பார்களில் ஒட்டி வளர்ந்து, நான்கு முதல் ஆறு ஆண்டுகளில் முத்துத் தரும் பருவத்தை அடைகின்றது. அதற்கு மேல் நெடுங்காலம் வாழ்வதில்லை. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே, மாசி இறுதி தொடக்கம் சித்திரை வரை, கடல் அமைதியாயிருக்கும் சில வாரங்களே குளிப்புக் காலம். நள்ளிரவில் கரைக்காற்றோடு வள்ளங்கள் புறப்படும். காலை முழுவதும் குளிப்பு. நண்பகலில் வெடியொலி கேட்டதும் நிறுத்தி, கடற்காற்றோடு கரை திரும்பும். வள்ளமொன்றில் ஐந்து குளிகற்களும், கல்லொன்றுக்கு இருவராகப் பத்துக் குளிகாரரும் இருப்பது வழக்கு. ஒருவர் மூச்சடக்கிக் கீழே இருக்க மற்றவர் மேலே இளைப்பாறுவர். கல் சும்மா இராது. மனிதன் இளைப்பாற வேண்டும், கருவி ஓயக்கூடாது என்னும் இவ்வேற்பாடு, பின்னாளிற் பொறியியலாளர் இயந்திர நேரப் பயன்பாடு எனப் பேசியதன் முன்னோடியே.

குளிப்புக்கு முந்திய காலத்தில் அரசின் பார் மேற்பார்வையாளர் பார்களைச் சோதிப்பார். ஒவ்வோர் இடத்திலும் குளிகாரரை இறக்கி, ஒரு முழுக்கிற்கு எத்தனை சிப்பி வருகின்றது என எண்ணி, அவ்வெண்ணிக்கையைப் பாரின் பரப்போடு பெருக்கி மொத்தத்தை மதிப்பிடுவர். பின்னர் வெளியாகும் அறிவித்தல், இன்ன பாரில் இத்தனை சிப்பி உண்டு, நாளொன்றுக்கு வள்ளமொன்று 10,000 வீதம் ஏற்ற, இத்தனை வள்ளங்களுக்கு இத்தனை நாள் போதும் என்னும் அமைப்பிலே இருக்கும். ஓர் உதாரணம் கொள்வோம். பாரில் 150 இலட்சம் சிப்பி உண்டெனின், 100 வள்ளங்கள் 15 நாளில் அதனை எடுத்துவிடும். 50 வள்ளங்களுக்கு 30 நாள் வேண்டும். கணக்கு எளிது, தீர்மானம் எளிதன்று. நாட்கள் கூடினால், காற்று மாறிக் குளிப்புத் தடைப்படும் அபாயம் கூடும். வள்ளங்கள் கூடினால், நாளாந்தம் கரைக்கு வரும் சிப்பி கூடி ஏல விலை தாழலாம். மறிச்சுக்கட்டி போன்ற வரண்ட கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடும் முகாமுக்கு நன்னீர் வேண்டும். வாந்திபேதி தோன்றினால் முகாமையே கலைக்க நேரும். வள்ளங்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சிப்பியின் தொகை மட்டுமன்று, கிணற்று நீருந்தான் என்பது இதனால் விளங்கும். மட்டுப்பாடுகளுள் இறுக்கமானது எதுவெனக் கண்டறிவதே நேர்கோட்டு நிரலாக்கத்தின் உயிர்நிலை. மாணவர் அதனை இவ்விடத்திற் கற்றால் மறக்கமாட்டார்.

அடுத்தது பெறுமதி மதிப்பீடு. மாதிரியாக எடுத்த சில ஆயிரம் சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பீட்டாளர் குழு விலையிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா எனக் கணிக்கும். வணிகர் தூர தேசங்களிலிருந்து பணத்தோடு வருவதா இல்லையா என்பதை இவ்வொரு தொகையே தீர்மானித்தது. இதில் உள்ள புள்ளிவிபரச் சிக்கல் நுண்மையானது. ஆதலால் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். பெரும்பாலான சிப்பிகளில் விலைபெறும் முத்து இல்லை. பெறுமதியின் பெரும்பகுதி மிகச் சில முத்துகளிலேயே தங்கியுள்ளது. ஒரு இலட்சம் சிப்பிக்கு ஒன்று வீதம் 1,000 ரூபா பெறும் முத்து இருப்பதாகக் கற்பனை செய்வோம். அது ஆயிரம் சிப்பியின் உண்மைப் பெறுமதியில் 10 ரூபாவாகும். 10,000 சிப்பி கொண்ட மாதிரியில் அத்தகைய முத்து அகப்படாதிருப்பதற்கான நிகழ்தகவு நூற்றுக்குத் தொண்ணூறு. எனவே பத்து மாதிரிகளில் ஒன்பது, ஆயிரத்துக்குப் பத்து ரூபா குறைத்தே கூறும். பத்தாவது மாதிரியில் அம்முத்து அகப்பட்டால், அது ஆயிரத்துக்கு நூறு ரூபாவாகத் தோன்றித் தொண்ணூறு ரூபா மிகைப்படக் கூறும். சராசரியில் முறை நேர்மையானதே. ஆயின் ஒரு பருவத்துக்கு ஒரு மாதிரியே எடுக்கும் அதிகாரிக்குச் சராசரி என ஒன்று கிடைப்பதில்லை. சோதனைக் குளிப்பிலும் இதனையொத்த பிழையொன்று உண்டு. சிப்பி கொத்தாகவே வளர்கின்றது. குளிகாரனின் கை அடர்ந்த இடத்தையே நாடும். 1937 தொடக்கம் வங்காளத்துச் சணற் பயிரை மாதிரிமுறையால் அளவிட முற்பட்ட மஹலனோபிஸ், எந்த நிலத்துண்டை அளப்பது என்பதை அளப்பவனின் விருப்புக்கு விடாது எழுமாற்றாகத் தெரிவு செய்யவேண்டும் என வற்புறுத்தியமைக்கும் இதுவே காரணம். நிலத்தில் அது இயலும். ஐந்தாறு பாக ஆழத்தில், ஒரு நிமிட மூச்சில், எழுமாற்றுத் தெரிவு எவ்வாறு அமையும் என்பது வேறு வினா.

முத்துகளைத் தரம்பிரித்த முறையையும் குறிப்பிடாது செல்லல் ஆகாது. ஒரே அளவான பத்துப் பித்தளை அரிப்புத் தட்டுகள். முதலாவதில் 20 துளை, இறுதியானதில் 1,000 துளை. துளை பெருகப் பெருக அதன் விட்டம் சிறுக்கும்; தட்டில் தங்கும் முத்து அதன் எண்ணாற் குறிக்கப்படும். பின்னர் ஆணி முதல் தூள் வரை வடிவும் ஒளியும் நோக்கி வகுத்து, மஞ்சாடியில் நிறுத்து, எடையின் வர்க்கத்தைப் பெறுமதியின் அளவாகக் கொண்டனர். பல முத்துகளாயின் மொத்த எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தனர். இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு அளவு நான்கு. அதே எடைக்கு இரண்டு முத்து இருந்தால் அளவு இரண்டு. பெரிய முத்தின் அருமையை விலையில் ஏற்றுவதற்கு இதனிலும் சுருக்கமான சூத்திரம் காண்பது கடினம். எமது வணிகர் கணக்கியலை ஏட்டில் எழுதி வைத்த மரபு போதாமையால், இத்தகைய அறிவு கைப்பழக்கமாகவே நின்று பெரும்பாலும் மறைந்துபோயிற்று.

இனிப் பங்கீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசுக்கு மூன்றில் இரண்டும் வள்ளத்தார்க்கு மூன்றில் ஒன்றும் எனப் பங்கு நிலைபெற்றிருந்தது. இலட்சக்கணக்கான சிப்பியை நாள்தோறும் எண்ணி வகுப்பது இயலாத காரியம். ஆதலால், கொட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குள் வள்ளத்தார் தம் சிப்பியை மூன்று குவியலாகத் தாமே பிரிப்பர். எந்த இரண்டு அரசுக்குரியவை என்பதை அதிகாரி சுட்டிக் காட்டுவார். பிரிப்பவர் ஒருவர், தெரிபவர் மற்றொருவர். குவியல்கள் சமமாக இல்லாவிடின் சிறியதே தமக்கு வரும் என்பதைப் பிரிப்பவர் அறிவர். ஆகவே எண்ணாமலே சமன் செய்வர். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு தெரிந்தாலுங்கூட, சமனின்றிப் பிரிப்பதால் வள்ளத்தார்க்குச் சராசரி இலாபம் ஏதுமில்லை. போலந்துக் கணிதர் ஸ்டைன்ஹாஸ் நியாயமான பங்கீடு பற்றிய கணிதப் பிரச்சினையை 1948இல் வெளியிட்டபோது, பிரித்தலும் தெரிதலும் என்னும் இப்பழைய உத்தியையே தொடக்கமாகக் கொண்டார். எண்ணுவோர், எழுதுவோர், சரிபார்ப்போர் என்னும் ஒரு பட்டாளத்தின் செலவை இவ்வேற்பாடு மிச்சப்படுத்தியது. அதிகாரியும் வள்ளத்தாரும் இரகசியமாக உடன்பட்டால் முறை உடையும் என்பது உண்மையே. உடன்பாட்டைத் தடுக்கும் கணிதம் எங்குமில்லை.

இப்பங்கீட்டால் தீராத பிரச்சினை களவு. வரும் வழியிலே சிப்பியைத் திறந்து முத்தை ஒளித்தல் எக்காலத்தும் இருந்த முறைப்பாடு. இதனையும் கணக்காக நோக்கலாம். 100 ரூபா முத்தொன்றை வள்ளத்தார் ஒளித்தால் தம் பங்கில் இழப்பது 33 ரூபா, பெறுவது 100. நிகர ஆதாயம் 67. அவர் பங்கு பாதியாயிருப்பின் ஆதாயம் 50 ஆகக் குறையும். காவற்படகுகளுக்கும் காவலர்க்கும் அரசு செலவிட்ட பணத்தின் ஒரு பகுதியைக் குளிகாரரின் பங்காக உயர்த்தியிருந்தால் களவும் குறைந்திருக்கும், உழைத்தவர்க்கும் கிடைத்திருக்கும் என வாதிட இடமுண்டு. அவ்வாதம் அக்கால அதிகாரிகளின் கணக்கில் எடையேறவில்லை. குளிகாரனின் ஒழுக்கக் குறைவே காரணம் எனக் கூறுதல் எளிதாயிருந்தது.

மாலையில் அரசின் பங்கு ஆயிரம் சிப்பி கொண்ட தொகுதிகளாக ஏலத்தில் விடப்பட்டது. உயர்ந்த விலை கேட்டவர் அதே விலைக்குத் தாம் விரும்பிய அளவு ஆயிரங்களை எடுத்துக்கொள்ளலாம். குளிகாரர் தம் பங்கைச் சிறுசிறு தொகையாக அங்கேயே விற்றனர். சிறு வணிகர் அவற்றைப் பச்சையாகவே திறந்து பார்த்தனர். அன்றைய சிப்பியின் தன்மை பற்றிய செய்தி இவ்வாறு முகாமெங்கும் பரவி அடுத்த நாள் ஏல விலையில் ஏறியது. அரசின் ஒற்றை மாதிரி செய்ய இயலாததை, நூற்றுக்கணக்கான சிறு வாங்குநர் தம் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்துச் செய்துகொண்டிருந்தனர்.

இங்கு இன்னொரு செலவினத்தையும் கூறலாம். கடல் கட்டி எனப்பட்ட மந்திரக்காரர் கரையிலிருந்து சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டது. அவரில்லாமற் குளிகாரர் கடலில் இறங்கமாட்டார். மூடநம்பிக்கை என எள்ளிய ஆங்கில அதிகாரிகளும் அவருக்குரியதைக் கொடுத்தே வந்தனர். பகுத்தறிவாளர்க்கு இது உறுத்தலாம். ஆயின் ஆயிரக்கணக்கானோரின் ஒரு நாள் வேலை நின்றால் வரும் இழப்போடு ஒப்பிட்டால், அக்கொடுப்பனவு மிக மலிவானது. கணக்கு அறிந்த அதிகாரி மந்திரத்தை நம்பவேண்டிய தேவையில்லை.

இதுவரை கூறியவை ஒரு பருவத்துக்குள் அடங்கும் பிரச்சினைகள். ஆண்டுகளுக்கிடையிலான பிரச்சினையோ வேறுவகையானது: இவ்வாண்டு எடுப்பதா, பொறுப்பதா? 1903இலும் 1904இலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 கோடி சிப்பியும், 1905இல் 8 கோடிக்கு மேலும் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருவாய் முறையே ஏறத்தாழ 8 இலட்சம், 10 இலட்சம், 25 இலட்சம் ரூபா. அரசின் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், ஆயிரம் சிப்பியின் விலை 1903இல் 30 ரூபா அளவில் இருந்து 1905இல் 45 ரூபாவைத் தாண்டியமை புலனாகும். இவ்வுயர்வில் சந்தைக்கும் பங்குண்டு. எனினும் வாதத்துக்காக முழுவதும் சிப்பியின் முதிர்ச்சியால் வந்ததெனக் கொள்வோம். அவ்வாறாயின், இரண்டாண்டு பொறுத்தல் இலாபமாவது, அவ்விரண்டாண்டும் சிப்பி உயிரோடிருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேற்பட்டால் மட்டுமே. வட்டியைச் சேர்த்தால் எல்லை இன்னும் உயரும். ஆகவே தீர்மானம் முழுவதும் ஓர் எண்ணில், அதாவது சிப்பி பிழைத்திருக்கும் நிகழ்தகவில், தங்கி நிற்கின்றது. அவ்வெண்ணைக் கணிதம் தராது, கடலே தரவேண்டும்.

1902இல் லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹேர்ட்மன், ஹோர்னெலைத் துணையாகக் கொண்டு இப்பார்களை ஆராய்ந்ததன் சிறப்பு இங்கேதான் உள்ளது. பெரிய பாரைக் குளிகாரர் தாய்ப் பார் என மதித்தனர். அங்கே பிறக்கும் இளஞ்சிப்பிகள் பிற பார்களுக்குப் பெயர்ந்து செல்வதாக நம்பினர். ஹேர்ட்மன் கண்டது வேறு. கடலடி ஆழத்துள் சரியும் விளிம்பில் கிடக்கும் அப்பாரை 1880 தொடக்கம் பதினொரு முறையேனும் இளஞ்சிப்பி நிறைத்திருந்தும், ஒருமுறைதானும் அது குளிப்புத் தரவில்லை. 1902 மார்ச்சில் அங்கு நிறைந்து கிடந்த இளஞ்சிப்பி, தென்மேற்குப் பருவக்காற்றின் பின் நவம்பரிற் பார்த்தபோது இல்லை. எனவே பிழைத்திருக்கும் நிகழ்தகவு எல்லாப் பார்களுக்கும் பொதுவான ஒன்றன்று. பெரிய பாரில் அது ஏறத்தாழச் சூனியம், செவல் பாரில் கணிசமானது. பெரிய பாரின் இளஞ்சிப்பியை அள்ளிப் பாதுகாப்பான பாரில் இடுக என அவர் கூறிய யோசனை, எங்கு அழியுமோ அங்கிருந்து எங்கு வளருமோ அங்கு இருப்பை மாற்றும் ஒரு போக்குவரத்துப் பிரச்சினையே. தாய்ப் பார் என்னும் நம்பிக்கையும், எல்லாப் பாரையும் ஒரே சராசரியால் அளந்த அதிகாரியின் கணக்கும், வெவ்வேறு வழியில் ஒரே பிழையைச் செய்தன என்பது என் கருத்து.

இவ்வறிவு கையிலிருக்கும்போதே பெரும்பிழை நேர்ந்தது. 1905இன் பெருவருவாயைக் கண்ட மனநிலையில், 1906 தொடக்கம் 20 ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 310,000 ரூபா வாடகைக்கு, இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி எனும் ஆங்கில நிறுவனத்துக்குப் பார்கள் குத்தகைக்கு விடப்பட்டன. எட்டு ஆண்டு வாடகை 1905ஆம் ஆண்டின் ஒரு பருவ வருவாய்க்கு ஈடாகும். அரசுக்கு இது உறுதியான வருவாய். கம்பனிக்கு மலிவான வாய்ப்பு. இரு சாராரும் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆயின் முந்திய ஏடுகளைப் புரட்டினால் 1838 முதல் 1854 வரை குளிப்பில்லை. 1864 முதல் 1873 வரை இல்லை. 1892 முதல் 1902 வரை இல்லை. 65 ஆண்டுகளில் இம்மூன்று வறட்சிகளுக்குள் மட்டும் 38 ஆண்டுகள். நல்ல ஆண்டுகளும் வெற்றாண்டுகளும் தாயம் உருட்டினாற்போல் விரவி வருவன அல்ல. நல்லன சேர்ந்து வரும், வெற்றாண்டுகளும் சேர்ந்தே வரும். இவ்வாறு திரண்டு வரும் தொடருக்குச் சராசரி வருவாய் ஒரு பயனற்ற எண். கேட்கவேண்டிய வினா, பத்தாண்டு வறட்சியொன்றைத் தாங்க எத்தனை இருப்பு வேண்டும் என்பதே. வாடகைக்கு மட்டும் 31 இலட்சம் ரூபா. 1905இல் அரசு பெற்ற முழுத்தொகையையும் மிஞ்சியது. அத்தகைய இருப்பில்லாத ஒருவரிடம் அபாயத்தை ஒப்படைத்தல் அதனை மாற்றியதாகாது. அவர் முறிந்ததும் அது திரும்பி வந்துவிடும். அவ்வாறே நடந்தது. 1906இலும் 1907இலும் குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியு முன்னரே கம்பனி கலைந்தது. மீண்டும் பெருங்குளிப்பு நிகழ்ந்தது 1925இல். 1958இல் இயந்திர வாரியைக் கொண்டு எடுத்தபின் அத்தொழில் இக்கரையில் மீண்டெழவில்லை.

கம்பனியின் முறிவைக் கணக்கிட இவ்வளவு கூறினோம். குளிகாரரின் வெற்றாண்டுகளை யார் கணக்கிட்டனர்? நிரலாக்கத்தில் உச்சமாக்க வேண்டிய தொகையை நோக்கச் சார்பு என்பர். சலாபத்தின் நோக்கச் சார்பில் அரசின் வருவாய் ஒன்றே எழுதப்பட்டிருந்தது. குளிகாரர் மட்டுப்பாடுகளின் பட்டியலில், நன்னீருக்கும் காற்றுக்கும் அருகே இடம்பெற்றனர். அரசின் ஏட்டில் 1892 முதல் 1902 வரை சூனியங்கள் உள்ளன. அதே பதினோராண்டில் இக்கரையிலும் எதிர்க்கரையிலும் குளிகாரர் குடும்பங்கள் எவ்வாறு உண்டன என்பதற்கு நிரல் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. கொட்டுக்குள் குவியலைப் பிரிக்கும் உரிமையாவது வள்ளத்தார்க்கு இருந்தது. குத்தகை எழுதப்பட்டபோது பிரித்தவரும் தெரிந்தவரும் ஒரு பக்கத்திலேயே இருந்தனர்.

இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. கடல் பொதுவுடைமையாயின் யாவரும் போட்டியிட்டு எடுத்து இலாபத்தையே அழித்துவிடுவர் என 1954இல் கோர்டன் என்னும் பொருளியலாளர் எழுதிய கட்டுரை, பலராலும் தனியுரிமைக்கும் குத்தகைக்கும் ஆதாரமாக எடுத்தாளப்பட்டு வருகின்றது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் வடகடலோரத்தில் கடலட்டைப் பண்ணைகளுக்காகக் கரைக்கடல் வேலியிடப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் சிறு மீனவர் முன்வைத்தது, இறால் வலைக்கும் களங்கட்டிக்கும் உரிய இடம் எங்கே என்னும் வினாவையே. பண்ணைத் திட்டமொன்றின் வரவு செலவு மதிப்பீட்டைக் காணும் மாணவர் மூன்று எண்களைத் தேடிப் பார்க்கலாம்: பருவக்காற்றின் பின் குஞ்சு பிழைத்திருக்கும் வீதம் அந்தக் குறித்த இடத்துக்கு என்ன, தொடர்ந்து மூன்றாண்டு விளைச்சல் இல்லையெனின் இழப்பை ஏற்பவர் யார், வேலியிடுமுன் அவ்விடத்தில் ஒரு நாளில் எத்தனை பேர் தொழில் செய்தனர். மூன்றாவது எண்ணைப் பெறுவதற்குச் சோதனைக் குளிப்போ மதிப்பீட்டாளர் குழுவோ வேண்டியதில்லை. விடியலில் கரையில் நின்று எண்ணினால் கிடைத்துவிடும்.